கைவிடப்பட்ட மக்காச்சோள வயலை மீண்டும் பிரெய்ரிப் புல்வெளியாக்க எங்கிருந்து தொடங்குவது?

மேடிசன்வாசி (கேள்வி, ஆகஸ்ட் 24)

அனைவருக்கும் வணக்கம். பதினாறு ஆண்டுகளாக நான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் வசிக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் நானும் என் மனைவியும் நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், மாநிலத்தின் தென்மேற்குக் குன்றுப் பகுதியில் 22 ஏக்கர் நிலம் வாங்கினோம். அதில் ஏறத்தாழ 15 ஏக்கர் மென்சரிவான மேட்டு நிலம். 2010 வரை அங்கே மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறிப் பயிராயின என்றும், அதன் பிறகு ஏர் படவே இல்லை என்றும் விற்றவர் சொன்னார். இப்போது அங்கே இடுப்பளவு உயரத்துக்கு ஸ்மூத் புரோம் என்னும் ஐரோப்பியப் புல்லும், நடுநடுவே மஞ்சள் பூப் பூக்கும் காட்டுப் பார்ஸ்னிப்பும் மண்டிக் கிடக்கின்றன. எஞ்சிய 7 ஏக்கர் தென்மேற்கைப் பார்த்த செங்குத்தான சரிவு. அங்கே கிழக்கத்தியச் செடார் மரங்கள் உள்ளே நுழைய முடியாத அளவுக்கு நெருங்கி வளர்ந்துள்ளன.

எங்களுக்கு அங்கே வீடு கட்டும் எண்ணமும் இல்லை, பயிர் செய்யும் எண்ணமும் இல்லை. இந்த மண்ணுக்கு உரிய பிரெய்ரிப் புல்வெளி மீண்டும் வர வேண்டும், மண் பழைய வளத்தை அடைய வேண்டும் என்பதே விருப்பம். தஞ்சை மாவட்டத்தில் ஆயுள் முழுவதும் உழவு செய்த என் தந்தையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, நிலத்தைச் சும்மா விட்டாலே அது தன்னைத் தேற்றிக்கொள்ளும், அவசரமாக இருந்தால் தக்கைப்பூண்டு போல ஏதாவது பசுந்தாள் விதைத்து மடக்கி உழு, தொழுவுரம் போடு, மண்புழு தானாக வரும் என்றார். மண் பரிசோதனையில் கரிமப் பொருள் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் இருந்தது. பாஸ்பரஸ் மட்டும் மிக அதிகம். எனவே அவர் சொல்வது சரி என்றே எனக்கும் தோன்றுகிறது. ஓரங்களில் மரம் நடலாம் என்பது மனைவியின் யோசனை. களைக்கொல்லி தெளிப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

பதினான்கு ஆண்டுகளாகச் சும்மா கிடந்தும் புரோம் புல்லைத் தவிர வேறெதுவும் வராதது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இப்படிப்பட்ட நிலத்தில் வேலை செய்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குன்றடிவாசி (ஆகஸ்ட் 25)

வணக்கம் நண்பரே. நானும் அதே குன்றுப் பகுதியில்தான், தங்கள் நிலத்தைப் போன்றதொரு பழைய சோள வயலில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: அந்தச் செங்குத்துச் சரிவில் இப்போதைக்கு எதுவும் செய்யாதீர்கள். தெளிக்கவும் வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சும்மா விட்டால் நிலம் தேறிவிடும் என்று தங்கள் தந்தை சொன்னது, அருகில் தாய்ச்செடிகளும் விதைகளும் இருக்கும் இடத்தில் பெருமளவு உண்மை. ஆனால் இங்கே அந்தத் தாய்ச்செடிகளே இல்லை. வட அமெரிக்காவின் உயர்புல் பிரெய்ரி ஒரு காலத்தில் ஏறத்தாழ 17 கோடி ஏக்கரில் பரந்திருந்தது. இன்று அதில் 4 விழுக்காடு கூட மிஞ்சவில்லை, மிஞ்சியதிலும் பெரும்பகுதி கேன்சஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் குன்றுகளில் இருக்கிறது. ஜான் டியர் என்னும் கொல்லர் 1837-இல் இல்லினாய்ஸில் எஃகுக் கலப்பை செய்த பிறகு, வேர்கள் பின்னிக் கிடந்த அந்த மண் ஏருக்கு மசிந்து கொடுத்தது. இரண்டு தலைமுறைக்குள் புல்வெளி வயலாகிவிட்டது. தங்கள் நிலத்தைச் சுற்றிப் பல மைல்களுக்குச் சோளமும் சோயாவும் மேய்ச்சல் புல்லும்தானே இருக்கின்றன? காற்றிலோ பறவையின் வயிற்றிலோ பிரெய்ரி விதை எங்கிருந்து வரும்?

மினசோட்டாவின் சீடர் கிரீக் ஆய்வு நிலையத்தில் உழவு நின்றுபோன வயல்களைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். 2019-இல் வெளிவந்த அவர்களது ஆய்வின்படி, கைவிட்டு 91 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த வயல்களில் இருந்த தாவர வகைகள், ஒருபோதும் உழப்படாத பக்கத்து நிலத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். விளைந்த தாவரப் பொருளின் அளவோ ஏறத்தாழ பாதி. சும்மா விடுவது நல்லதுதான், ஆனால் அது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடுத்தது புரோம். அது தரைக்கடியில் கிழங்குத்தண்டு ஓட்டிப் பரவும் புல். வசந்தத்தில் பிரெய்ரிப் புற்கள் கண் விழிப்பதற்கு ஒரு மாதம் முன்பே பச்சை கட்டி, ஈரத்தையும் வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த விதையைத் தூவினாலும் பயன் இராது. நானும் முதலாண்டில் களைக்கொல்லி வேண்டாம் என்றே உறுதியாக இருந்தேன். தார்ப்பாய் போட்டு வெயிலில் வேகவைக்கும் முறையைக் கால் ஏக்கரில் செய்தேன். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 15 ஏக்கருக்குத் தார்ப்பாய் போட முடியாது. கோடை முழுவதும் திரும்பத் திரும்ப உழுது புரோமைக் காய வைப்பது இன்னொரு வழி. எனினும் மென்சரிவாக இருந்தாலும் எங்கள் பகுதியில் ஒரே ஒரு பெருமழையில் மேல்மண் அடித்துக்கொண்டு போய்விடும். மண்ணைக் காக்க வந்தவர் மண்ணை இழக்கக் கூடாது. எனவே பல மாத யோசனைக்குப் பிறகு, செப்டம்பர் இறுதியில் ஒரு முறையும் அடுத்த மே மாதத்தில் ஒரு முறையும் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தேன். அதன்பின் பக்கத்து விவசாயிக்கு இரண்டு ஆண்டு குத்தகைக்குக் கொடுத்து, சோயா மட்டும் பயிரிடச் சொன்னேன். மண்ணில் தேங்கிக் கிடந்த களைவிதைகளின் கையிருப்பு அதில் பெருமளவு தீர்ந்தது. சோயா அறுத்த தாள் நிலம், இறுகிய, திறந்த, சமமான விதைப்படுக்கை. அதைவிடச் சிறந்த படுக்கையை நாமாகச் செய்வது கடினம். குத்தகைதாரர் மண்ணில் நெடுநாள் தங்கும் களைக்கொல்லி எதையும் கடைசி ஆண்டில் பயன்படுத்தக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கள் முடிவை நான் மதிக்கிறேன்; ஒரேயடியாக 15 ஏக்கரில் இறங்காமல் ஆண்டுக்கு இரண்டு ஏக்கர் என்று தார்ப்பாயும் உழவும் கொண்டு நகரலாம், அதற்கு எட்டாண்டாவது ஆகும் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

விதைப்பை நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, நிலம் உறையத் தொடங்கிய பின் செய்யுங்கள். பெரும்பாலான பிரெய்ரிப் பூச்செடிகளின் விதைக்குக் குளிரும் ஈரமும் சேர்ந்து சில வாரம் கிடைத்தால்தான் உறக்கம் கலையும்; மண் உறைந்தும் இளகியும் வெடிக்கும்போது விதை தானாகவே உள்ளே இறங்கும். சதுர அடிக்கு 40 முதல் 50 விதை என்பது பொதுக் கணக்கு. அதில் புல்லின் பங்கைக் குறைத்துப் பூச்செடிகளின் பங்கைக் கூட்டுங்கள். பிக் புளூஸ்டெம் விதை மலிவாகக் கிடைப்பதால் பலரும் அதை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். ஐந்தாண்டில் அந்தப் புல் ஆளுயரம் எழுந்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். நானும் என் முதல் நான்கு ஏக்கரில் இந்தத் தவற்றைச் செய்தேன். இன்றுவரை அங்கே பூச்செடிகளைப் புகுத்தப் போராடி வருகிறேன்.

விதைத்த முதல் கோடையில் நிலம் முழுக்க களைக்காடாகவே தெரியும், மனம் உடைந்து போகாதீர்கள். பிரெய்ரிச் செடி முதலாண்டில் விரல் நீளம் மேலே வளர்ந்து, மற்ற சக்தி முழுவதையும் வேருக்கு அனுப்பும். களைகள் முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் அரை அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். நாற்றுகள் அதற்குக் கீழே இருப்பதால் அவற்றுக்கு வெட்டு படாது, வெளிச்சம் கிடைக்கும். இங்கே விதைப்பவர்கள் முதலாண்டு உறங்கும், இரண்டாமாண்டு தவழும், மூன்றாமாண்டு தாவும் என்று சொல்வார்கள். என் நிலத்தில் அது ஏறக்குறைய அப்படியே நடந்தது. காட்டுப் பார்ஸ்னிப்பை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். விதை பிடிக்கும் முன், கூர்மையான மண்வெட்டியால் தரைக்கு இரண்டு விரல் கீழே வேரை வெட்டினால் போதும்.

இனி அந்தச் சரிவைப் பற்றி. எங்கள் பகுதியில் பனியாறு படியாத செங்குத்தான தென்மேற்குச் சரிவுகளை ஆட்டுப் பிரெய்ரி என்று உள்ளூரார் அழைப்பார்கள். ஏர் ஏற முடியாத சரிவு என்பதால் அவற்றில் பல ஒருபோதும் உழப்பட்டதில்லை. தீ நின்றுபோன பிறகுதான் செடார் அவற்றை மூடியது. தங்கள் 7 ஏக்கரில் பழைய புல்வெளியின் துண்டு உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. செப்டம்பரில் மரங்களுக்கு இடையே வெயில் விழும் திட்டுகளைத் தேடிப் பாருங்கள். செம்பழுப்பு நிறமாக மாறும் முழங்கால் உயரப் புல்லும், சாம்பல் பூத்த சிற்றிலைகளுடன் குத்துச் செடியும் கண்ணில் பட்டால் எழுதுங்கள்.

அயோவா மண்ணாய்வர் (ஆகஸ்ட் 27)

முந்தைய மறுமொழியில் நடைமுறை நன்றாகவே சொல்லப்பட்டுவிட்டது. மண்ணைப் பற்றி மட்டும் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் தங்கள் தந்தையின் அறிவுரை நெல் வயலுக்கு மிகச் சரியானது. அதே காரணத்தால்தான் பிரெய்ரிக்கு அது பொருந்தாமல் போகிறது.

தொழுவுரமும் பசுந்தாளும் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருகின்றன. நெல்லும் சோளமும் அதை விரைந்து உண்டு விரைந்து வளரும் செடிகள். பிரெய்ரிச் செடிகளோ தழைச்சத்துக் குறைந்த மண்ணில் மெல்ல வாழப் பழகியவை. தாங்கள் உரமிட்டால் அதை முதலில் எடுத்துக்கொள்வது புரோமும் முட்செடிகளும் ராக்வீட் என்னும் களையும்தான். நாற்றுகள் அவற்றின் நிழலில் மடியும். பாஸ்பரஸ் மிக அதிகம் என்று சொன்னீர்களே, அதற்கு வேறொரு பொருளும் உண்டு. பிரெய்ரிச் செடிகளில் பெரும்பாலானவை வேர்ப்பூஞ்சைகளோடு, தமிழ்நாட்டு உழவர்கள் வேம் என்று சொல்லும் அதே வகைப் பூஞ்சைகளோடு, சேர்ந்து வாழ்பவை. பூஞ்சை பாஸ்பரஸைக் கொண்டுவந்து கொடுக்கும், செடி சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கும். மண்ணில் பாஸ்பரஸ் நிரம்பி வழிந்தால் செடிக்கு இந்த உறவு தேவையில்லாமல் போகிறது. எனவே தொழுவுரத்தை அங்கே கொண்டு சேர்க்க வேண்டாம். கடையில் விற்கும் பூஞ்சைப் பொட்டலங்களை விட, பழைய பிரெய்ரி மண்ணிலிருந்து வளர்த்தெடுத்த உள்ளூர்ப் பூஞ்சையே தாமதமாக வளரும் அரிய செடிகளுக்கு நன்கு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தங்கள் சரிவில் பழைய புல்வெளி இருப்பது உறுதியானால் அதன் மண்ணே ஒரு செல்வம்.

பசுந்தாளுக்கென்று இங்கே விதை கேட்டால் ஸ்வீட் குளோவரைக் கொடுப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். மண்ணை வளப்படுத்த என்று கொண்டுவரப்பட்ட அந்தச் செடியே இன்று பிரெய்ரிகளின் பெருந்தொல்லைகளில் ஒன்று. அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும், தீ வைத்தால் இன்னும் கூடுதலாக முளைக்கும். தழைச்சத்தை நிலைநிறுத்த அவரைக் குடும்பச் செடி வேண்டுமென்றால், லெட்பிளாண்ட், ஊதா பிரெய்ரி குளோவர், காட்டு இண்டிகோ முதலிய இந்நாட்டுச் செடிகளின் விதையை அவற்றுக்குரிய ரைசோபியம் என்னும் வேர்முடிச்சு நுண்ணுயிரோடு கலந்து விதையுங்கள்.

மண்புழுவைப் பற்றிச் சொல்லும்போது எனக்கே சற்று வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவன் நான். பனியாறுகள் மூடியிருந்த வட அமெரிக்க நிலப்பரப்பில் இன்று காணப்படும் மண்புழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவை. துள்ளும் மண்புழு என்னும் ஆசிய வகை 2013-இல் விஸ்கான்சினில், மேடிசன் பல்கலைக்கழகத்தின் மரத்தோட்டத்தில் கண்டறியப்பட்டது. அது மேல்மட்கு முழுவதையும் காப்பித்தூள் போன்ற உதிரியாக்கிவிடுகிறது. வெளியிலிருந்து மண்புழுவோ, மண்புழு உரமோ, தெரியாத இடத்து மட்கோ கொண்டுவர வேண்டாம். வேலைக்குப் போகும்போது காலணியையும் கருவிகளையும் கழுவிக்கொண்டு போங்கள்.

அப்படியானால் கரிமப் பொருள் எப்படி உயரும்? வேரினால் மட்டுமே. பிக் புளூஸ்டெம், சோளமும் வெட்டிவேரும் சேர்ந்த அதே புல் இனக்குழுவைச் சேர்ந்தது. அதன் வேர் ஆளுயரத்துக்கும் கீழே போகும். காம்பஸ் பிளாண்ட் என்னும் மஞ்சள் பூச்செடியின் ஆணிவேர் 15 அடி வரை இறங்கும். ஒவ்வோர் ஆண்டும் இவ்வேர்களில் ஒரு பகுதி மடிந்து, மண்ணுக்குள்ளேயே மட்கி, கருப்பாகத் தங்குகிறது. அயோவாவின் கருமண் பல ஆயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் உருவானது. சோளப் பட்டை என்று அழைக்கப்படும் பகுதியில் பயிர் நிலத்தின் மூன்றில் ஒரு பங்கு, அந்தக் கரிய மேலடுக்கை முற்றாக இழந்துவிட்டது என்று 2021-இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். இழப்பு மிகுதியும் மேட்டு முகடுகளில்தான். தங்கள் வயலின் மேட்டில் மண் வெளிறித் தெரிந்தால் அதுதான் காரணம்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்: எல்லாம் ஒரே வேகத்தில் திரும்பாது. சிகாகோவுக்கு மேற்கே ஃபெர்மி ஆய்வகத்தின் துகள் முடுக்கி வளையத்துக்குள், ராபர்ட் பெட்ஸ் என்னும் பேராசிரியரின் முயற்சியால் 1975-இல் பழைய சோள வயலில் பிரெய்ரி விதைக்கத் தொடங்கினார்கள். அங்கே அடுத்தடுத்த ஆண்டுகளில் விதைத்த பகுதிகளை ஒப்பிட்டபோது, மண் துகள்கள் ஒட்டித் திரளும் பண்பு பத்தாண்டு அளவிலேயே பெரிதும் மீண்டிருந்தது. கரிமத்தின் சேமிப்போ நூற்றாண்டுகளைக் கேட்கும் வேகத்தில்தான் ஏறியது. எனவே ஆண்டுதோறும் கரிமப் பரிசோதனை செய்து சோர்ந்து போகாதீர்கள். அடி திறந்த தகர டப்பா ஒன்றை மண்ணில் பாதி அழுத்தி, ஓர் அங்குல நீர் ஊற்றி, அது உள்ளே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாறுவது அதுதான். நீரின் போக்கு எவ்வளவு விரைவாகத் திருந்துகிறது என்பதற்கு இங்கே நல்ல சான்று இருக்கிறது. அயோவாவின் நீல் ஸ்மித் வனவிலங்குக் காப்பிடத்தில் 2007-இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய சோதனையில், பயிர் நிலத்தில் வெறும் பத்து விழுக்காட்டைப் பிரெய்ரிப் பட்டைகளாக மாற்றியதும், வயலிலிருந்து அடித்துச் செல்லப்படும் மண் ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்தது. கரிமம் சேர்வதற்கு வெகு முன்பே, நிமிர்ந்து நிற்கும் தண்டும் அடர்ந்த வேரும் நீரைத் தடுத்து நிறுத்திவிடுகின்றன.

காங்கேயத்தான் (ஆகஸ்ட் 27)

நான் திருப்பூர் மாவட்டத்தில், கொறங்காடு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன். கிளுவை வேலி கட்டி, உள்ளே வெள்வேல மரங்களை விட்டு, கொழுக்கட்டைப் புல்லைக் காங்கேய மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் முறைவைத்து மேயவிடுவோம். பல தலைமுறையாக அப்படியே நிற்கும் புல் நிலம் அது. மேய்ச்சலே இல்லாமல் விட்ட காட்டில் புல் முற்றி, சாய்ந்து, தன் அடியையே மூடிக்கொண்டு கெட்டுப்போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். புல் நிலத்துக்கு வாய் வைக்க ஓர் உயிர் வேண்டும் என்பது எங்கள் அனுபவம். அமெரிக்கப் புல்வெளியில் அந்த வேலையை யார் செய்வது? மாடு விடலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நச்சூசா தொண்டர் (ஆகஸ்ட் 29)

காங்கேயத்து ஐயாவின் கேள்வி அடிப்படையானது. அந்த வேலையை இங்கே இரண்டு பேர் செய்து வந்தார்கள்: எருமை போன்ற தோற்றமுடைய பைசன் என்னும் காட்டு மாடு, தீ. கேன்சஸில் உள்ள கோன்சா பிரெய்ரியில் 1987-இல் பைசன்களைத் திரும்ப விட்டார்கள். பைசன் மேய்ந்த இடங்களில் நாட்டுத் தாவர வகைகள், மேயாத இடங்களோடு ஒப்பிட்டால் இரு மடங்காகப் பெருகின என்று ஏறத்தாழ முப்பதாண்டுத் தரவை வைத்து 2022-இல் எழுதினார்கள். பைசன் புல்லைத்தான் பெரிதும் விரும்பி மேயும். பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கும். நான் வார இறுதிகளில் தொண்டு செய்யும் இல்லினாய்ஸின் நச்சூசா புல்வெளியிலும் 2014 முதல் பைசன் மேய்கிறது. 22 ஏக்கரில் பைசன் வளர்ப்பது நடக்காத காரியம். பக்கத்து விவசாயியின் மாடுகளைச் சில நாள் மட்டும் விட்டு எடுப்பது நடக்கக்கூடியது. ஆனால் விதைத்து ஐந்தாண்டு ஆகி வேர் பிடிக்கும் வரை மாட்டை உள்ளே விடாதீர்கள், இளஞ்செடியை அது வேரோடு பிடுங்கிவிடும்.

ஆக தங்களுக்கு மிஞ்சுவது தீ. காட்டுக்குத் தீ வைப்பது பாவம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது மிகவும் கடினமாக இருக்கும். எனக்கும் முதல் முறை கை நடுங்கியது. ஆனால் இந்தப் புல்வெளி, மின்னலாலும், அதைவிட மிகுதியாக இங்கு வாழ்ந்த ஹோ-சங்க், பொட்டவாட்டமி முதலிய முதற்குடி மக்கள் வேண்டுமென்றே இட்ட தீயாலும் புல்வெளியாகவே நிலைத்தது. அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது தீயும் வெளியேறியது. அப்போதுதான் மரம் ஏறியது. மேடிசன் மரத்தோட்டத்தில் 1935-இல் பழைய மேய்ச்சல் வயலில் தொடங்கிய கர்ட்டிஸ் பிரெய்ரிதான் இத்தகைய மீட்பு முயற்சிகளில் மிகப் பழையது. அங்கே 1940-களில் தாவரவியலாளர் ஜான் கர்ட்டிஸும் அவருடைய உடனாய்வாளரும் தீ வைத்துச் சோதித்த பிறகுதான், ஐரோப்பியப் புல்லை அடக்குவது தீதான் என்று அறிவியலார் ஏற்றுக்கொண்டார்கள். அது தங்கள் ஊரிலேயே இருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் நகரத்து மழைநீர் வந்து விழும் பக்கத்தில் ரீட் கேனரி புல்லோடு அவர்கள் மல்லுக்கட்டிக் கொண்டிருப்பதையும் பாருங்கள்.

தனியாக ஒருபோதும் தீ வைக்காதீர்கள். அதே விஸ்கான்சினில் தேய்ந்துபோன பண்ணை ஒன்றை 1935-இல் வாங்கி மீட்டெடுத்த சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட், பக்கத்து நிலத்தில் பரவிய புல் தீயை அணைக்க உதவிக்கொண்டிருந்தபோதுதான் 1948-இல் மாரடைப்பால் இறந்தார். தங்கள் மாநிலத்தில் தி பிரெய்ரி எந்துசியாஸ்ட்ஸ் என்னும் அமைப்பினர் தொண்டர்களைத் தீயிடும் பணிக்குப் பழக்குகிறார்கள். ஒரு பருவம் அவர்களோடு போய் வேலை செய்த பிறகு சொந்த நிலத்தைப் பற்றி யோசியுங்கள். சுற்றிலும் தடுப்புப் பட்டை வெட்டுவதும், அனுமதி பெறுவதும், காற்றின் திசையும் ஈரப்பதமும் பார்ப்பதும் அங்கே பழகிவிடும். ஒரே ஆண்டில் முழு நிலத்தையும் எரிக்காமல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எரியுங்கள். வண்ணத்துப்பூச்சியின் புழுவும் காட்டுத் தேனீயின் புழுவும் காய்ந்த தண்டிலும் சருகிலும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவை தப்பிக்க ஓர் இடம் வேண்டும்.

அம்மையார் மரம் நட விரும்புவதைப் பற்றி: ஓரத்தில் மரம் நட்டால் தரையில் கூடு கட்டும் புல்வெளிப் பறவைகள் அந்தப் பக்கம் ஒதுங்காது, ஏனெனில் மரம் என்பது பருந்துக்கும் ரக்கூனுக்கும் இருக்கை. அவருக்கு மில்க்வீட் செடிகளைக் காட்டுங்கள். அது நம் ஊர் எருக்கின் குடும்பம். எருக்கில் வெந்தய வரியன் புழு வளர்வதைப் போல, இதில்தான் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது.

மேடிசன்வாசி (அக்டோபர் 6)

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு மறுமொழியையும் தந்தைக்குப் படித்துக் காட்டினேன். உரமே போடக் கூடாத மண் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேர்தான் அந்த மண்ணின் உரம் என்று விளக்கியபோது, வெட்டிவேரின் உறவு என்ற இடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது.

குன்றடிவாசி சொன்னபடி மூன்று வார இறுதிகளில் அந்தச் சரிவில் ஏறினோம். செடார் மரங்களுக்கு இடையே ஐந்து திறந்த திட்டுகள் இருக்கின்றன. மிகப் பெரியது ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு. முழங்கால் உயரச் செம்பழுப்புப் புல் நிறைய இருக்கிறது. சாம்பல் நிறச் செடியும் இரண்டு திட்டுகளில் உண்டு. படம் அனுப்பியதில் அது லெட்பிளாண்ட்தான் என்று தாவரவியல் படித்த ஒருவர் உறுதி செய்தார். நடுவே ஒரு கூரிலைச் செடி, இலைகள் அனைத்தும் வடக்கு தெற்காக விளிம்பு காட்டி நிற்கிறது. மேட்டு வயலைப் பொறுத்தவரை மூன்று ஏக்கரில் மட்டும் முதலில் இறங்குகிறோம். ஒரு ஏக்கருக்குத் தார்ப்பாய். இரண்டு ஏக்கரில் இந்த ஒரு முறை மட்டும் தெளிப்பு என்று நெடுநேரம் பேசி முடிவு செய்தோம். மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செடாரை இந்தக் குளிர்காலத்திலேயே வெட்டத் தொடங்கலாமா? வெட்டிய அடியில் மருந்து தடவ வேண்டுமா?

குன்றடிவாசி (அக்டோபர் 7)

அந்த வடக்கு தெற்குச் செடிதான் காம்பஸ் பிளாண்ட். மண்ணாய்வர் சொன்ன 15 அடி ஆணிவேர் அதனுடையது. அது பல பத்தாண்டு வாழும் செடி, தங்களுக்கு முன் அந்த நிலத்தை வைத்திருந்தவர்களையும் பார்த்திருக்கும். படித்ததும் எனக்கு இரவு உறக்கம் வரவில்லை. 15 ஏக்கர் விதைப்பை விட இந்த ஐந்து திட்டுகளே தங்கள் முதல் பொறுப்பு. விதைத்து உருவாக்கிய எந்தப் புல்வெளியும் இதற்கு இணையாகாது.

மருந்து தேவையில்லை. கிழக்கத்தியச் செடாரை, அதன் மிகத் தாழ்ந்த பச்சைக் கிளைக்கும் கீழே அறுத்துவிட்டால் மீண்டும் துளிர்க்காது. நிலம் உறைந்து இறுகிய பின், டிசம்பர் நடுவிலிருந்து வெட்டுங்கள். அப்போதுதான் காலடியில் வேர்கள் நசுங்காது. திட்டுகளின் விளிம்பிலிருந்து தொடங்கி வெளிநோக்கி நகருங்கள், ஆண்டுக்கு ஓர் ஏக்கருக்கு மேல் வேண்டாம். திடீரென்று வெளிச்சம் பட்ட இடத்தில் முதலில் வருவது களையாகவும் இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வெட்டிய மரங்களைத் திட்டுகளின் மேல் குவித்து எரிக்காதீர்கள். குவியல் தீயின் சூடு புல் தீயைப் போலன்றி மண்ணுக்குள் இறங்கி, விதையையும் பூஞ்சையையும் சேர்த்து அவித்துவிடும். அடிவாரத்தில், பழைய உழவு நிலத்தில் குவியுங்கள்.

சரிவில் வெளி விதை எதையும் தூவ வேண்டாம். மாறாக, இந்த வாரமே ஒரு காகிதப் பையோடு ஏறி, காய்ந்த லெட்பிளாண்ட் கதிர்களிலும் அந்தச் செம்பழுப்புப் புல்லிலும் பாதிக்குக் குறைவாக விதை உருவிக்கொள்ளுங்கள். கீழே மூன்று ஏக்கரில் விதைக்கும் நாள் வரும்போது, அந்தக் குன்றின் சொந்த விதை அதில் இருக்க வேண்டும். டிசம்பரில் வெட்டும் நாளைத் தெரிவித்தால் நான் என் ரம்பத்தோடு வருகிறேன்.